மோதிய கார் பட்டறையில். கையில் இருப்பதோ மனத்துக்கு ஒட்டாத வாடகைக் கார்

மூன்றாவது கியர்:

வணக்கம். 12 நாள்களுக்கு முன்பு ஒரு சந்திப்பில் சிக்னலுக்காக நின்றிருந்தபோது, பக்கத்துச் சாலையிலிருந்து வேகமாகத் திரும்பிய வண்டி என் காரின் முன்புற இடது மூலையில் மோதிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. பம்பர், ஹெட்லைட், முன் சக்கரத்தை மூடியிருக்கும் ஃபெண்டர் தகடு ஆகிய மூன்றும் நொறுங்கின. தவறு தங்கள் வாடிக்கையாளருடையதுதான் என்று அவருடைய காப்பீட்டு நிறுவனமும் ஒப்புக்கொண்டுவிட்டது. பட்டறையில் முதலில் 10 நாள் என்றார்கள். இப்போது இன்னும் 2 வாரம் ஆகும் என்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதுவரை ஓட்டுவதற்கென்று கொடுத்திருக்கும் வாடகைக் கார்தான் என்னைப் படுத்துகிறது. என்னுடையது உயரமான, 7 பேர் அமரக்கூடிய ஆட்டோமேட்டிக் வண்டி. கொடுத்திருப்பதோ அவர்களிடம் உள்ளவற்றிலேயே சிறிய வகை. மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் அழுகிறதே தவிர வேகம் கூடுவதில்லை. ஸ்டீயரிங் எப்போதும் சற்று இடப்பக்கம் இழுக்கிறது. யாரோ உள்ளே அமர்ந்து மாதக்கணக்கில் புகைபிடித்ததைப் போன்ற நாற்றம் சீட்டுத் துணியிலேயே ஊறியிருக்கிறது. முழங்கால் வலி உள்ள என் அம்மா அந்தத் தாழ்வான சீட்டில் அமர்வதற்குள் இரண்டு முறை மூச்சுவாங்க நிற்கிறார். இண்டிகேட்டர் போடப் போய், கொளுத்தும் வெயிலில் வைப்பரை ஓடவிட்டு, பின்னால் வருபவரின் முறைப்பை வாங்கிக்கொள்வது என் அன்றாட வழக்கமாகிவிட்டது.

வாடகை அலுவலகத்தில் கேட்டால் "உங்களுக்கு ஒதுக்கப்பட்ட வகை இதுதான்" என்ற ஒரே பதில். பட்டறையை நெருக்கி, எப்படியாவது என் காரைச் சீக்கிரம் வாங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. இப்படி ஒரு வண்டியோடு வாரக்கணக்கில் காலம் தள்ளியவர்கள் யாராவது இருந்தால், என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கண்ணாடிவழி:

வேலை நிமித்தமாக ஆண்டில் பாதி நாள் வாடகைக் கார்களிலேயே கழிப்பவன் என்பதால் சொல்கிறேன்: உங்கள் புகார்களை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த மாடலின் இயல்பிலேயே உள்ள குறை வேறு, உங்கள் கைக்கு வந்த அந்த ஒரு வண்டியின் பராமரிப்பில் உள்ள குறை வேறு. மேம்பாலத்தில் எஞ்சின் அழுவது முதல் வகை. ஸ்டீயரிங் இழுப்பதும் சிகரெட் நாற்றமும் இரண்டாம் வகை. முதல் வகையைச் சொன்னால் "ஒதுக்கப்பட்டது இதுதான்" என்பார்கள். இரண்டாம் வகையை எழுத்தில் கொடுத்தால் அந்தப் பதிலைச் சொல்ல அவர்களால் முடியாது.

ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் டயர்களில் காற்று ஏறுமாறாக இருப்பதுதான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்; முன், பின் டயர்களுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு, டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கையும் அளந்து பாருங்கள். காற்றைச் சரிசெய்த பிறகும் இழுத்தால் சக்கரங்களின் நேரமைப்பில் கோளாறு இருக்கலாம், அல்லது பிரேக் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அந்த வண்டியை வைத்துக்கொண்டு அனுசரிக்க வேண்டாம். அது பாதுகாப்புக் குறைபாடு என்று மின்னஞ்சலில் எழுதி, மாற்று வண்டி கேளுங்கள்.

இன்னொன்று. முன்பதிவுத் தாளில் நான்கு ஆங்கில எழுத்துகள் சேர்ந்த ஒரு குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். உலகின் பல வாடகை நிறுவனங்கள் ஒரே முறையிலான குறியீட்டைப் பயன்படுத்துகின்றன. முதல் எழுத்து வண்டியின் அளவு வகையையும், இரண்டாவது உடலமைப்பையும், மூன்றாவது கியர் முறையையும், நான்காவது எரிபொருளையும் ஏ.சி. உண்டா என்பதையும் குறிக்கும். மூன்றாவது எழுத்து 'எம்' என்றால் மேனுவல், 'ஏ' என்றால் ஆட்டோமேட்டிக். உங்கள் பெயருக்கு ஒப்புதலான வகை ஒன்றாகவும் கைக்கு வந்த வண்டி வேறாகவும் இருந்தால் இந்த எழுத்துகளே சாட்சி. குறிப்பிட்ட மாடல் கிடைக்கும் என்று அவர்கள் உறுதி தருவதில்லை, "அல்லது அதற்கு நிகரானது" என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் நிகர் என்பது அந்த வகைக்குள் இருக்க வேண்டும்.

வகையையே உயர்த்திக் கேட்பதானால் வாடகை அலுவலகத்தோடு மோதிப் பயனில்லை. பணம் கட்டுபவர் காப்பீட்டு நிறுவனம், அங்கே கேளுங்கள். "கார் பிடிக்கவில்லை" என்று எழுதாதீர்கள். "என்னுடையது 7 பேருக்கான ஆட்டோமேட்டிக் வண்டி, முழங்கால் நோயுள்ள என் தாயாரால் தாழ்வான சீட்டில் ஏறி இறங்க இயலவில்லை" என்று எழுதுங்கள். தேவையைச் சொல்பவருக்குக் கோப்பில் ஒரு காரணம் கிடைக்கிறது. அலுத்துக்கொள்பவருக்கு ஆறுதல் மட்டுமே கிடைக்கும்.

மெல்லப்போ:

முந்தைய பதிலோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் மாற்று வண்டி கேட்டு அலைவதிலேயே ஒரு வாரம் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நான் இதே நிலையில் மூன்று வண்டி மாற்றினேன். மூன்றாவதன் பின் சீட்டில் யாரோ கொட்டிய பால் காய்ந்து புளித்திருந்தது. முதல் வண்டியே தேவலாம் என்று ஆகிவிட்டது.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: முதல் நாளே 15 நிமிடம் ஒதுக்கி, நிறுத்திய இடத்திலேயே அமர்ந்து வண்டியோடு பழக வேண்டும். சீட்டின் உயரம், ஸ்டீயரிங்கின் சாய்வு, மூன்று கண்ணாடிகள், வைப்பர், ஹெட்லைட், பனி படிந்தால் கண்ணாடியைத் தெளிவாக்கும் பொத்தான் ஆகியவற்றைக் கண்ணால் பார்க்காமல் கை தேடிப் பிடிக்கும் வரை தொட்டுப் பழகுங்கள். இண்டிகேட்டர் தண்டு சில வண்டிகளில் ஸ்டீயரிங்கின் வலப்பக்கமும் சிலவற்றில் இடப்பக்கமும் இருப்பதால் வரும் குழப்பம் மூன்று நான்கு நாளில் தானே போய்விடும். உங்கள் சொந்தக் கார் திரும்பி வந்த அன்று அதிலும் வைப்பர் ஓடும், பாருங்கள். பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்று இறங்கிப் பார்க்கவும் வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் எரிபொருள் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு அம்புக்குறி பக்கத்தைக் காட்டும்.

ஈக்கோ பொத்தான் அமுக்கப்பட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். ஆக்சிலேட்டரை மந்தமாக்குவதுதான் அதன் வேலை. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். சிறிய எஞ்சின் அதிகச் சுழற்சியில்தான் இழுக்கும், அது அழுவதைப் போலக் கேட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நாற்றத்துக்கு வாசனைத் திரவியம் தெளித்தால் இரண்டு நாற்றமாகிவிடும். ஏ.சி.யின் கேபின் ஃபில்டரை மாற்றித் தரும்படி கேளுங்கள். அதுவரை உட்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்று வரும்படி ஓட்டுங்கள்.

பழைய ஸ்பேனர்:

மோதல் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்கிறேன். வாடகைக் காரைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். கேள்வியின் கடைசிப் பத்தியில் உள்ள ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த வரிதான் எனக்குக் கவலையைத் தருகிறது. பட்டறையை நெருக்காதீர்கள்.

10 நாள் என்று சொன்னவர்கள் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. முதல் எஸ்டிமேட் என்பது வெளியே நின்று கண்ணுக்குத் தெரிந்ததை எழுதுவது. பம்பரைக் கழற்றிய பிறகுதான் அதற்குள் இருக்கும் இரும்புக் குறுக்குச்சட்டம் வளைந்திருக்கிறதா, ஹெட்லைட் அமரும் தாங்கி விரிசல் விட்டிருக்கிறதா, ரேடியேட்டர் தாங்கி நகர்ந்திருக்கிறதா என்பது தெரியும். தெரிந்ததும் வேலையை நிறுத்தி, படமெடுத்து, இரண்டாவது எஸ்டிமேட் எழுதிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகே பாகம் கேட்க முடியும். பட்டறையில் வண்டி சும்மா நிற்கும் நாள்களில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான். ஆகவே "எப்போது முடியும்" என்று தினமும் கேட்பதைவிட, "ஒப்புதல் வந்துவிட்டதா, எந்தப் பாகம் வரவில்லை, அது எந்தத் தேதியில் வரும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்று வாரம் இரண்டு முறை கேட்பது பயன் தரும். ஒப்புதல்தான் தாமதம் என்று தெரிந்தால் நீங்கள் தொலைபேசியில் அழைக்க வேண்டியது எங்களை அல்ல, காப்பீட்டு நிறுவனத்தை.

பாகங்கள் வந்த பிறகும் அவசரப்படுத்த முடியாத வேலைகள் இரண்டு உண்டு. ஒன்று பெயின்ட். மெட்டாலிக் நிறமாக இருந்தால் புதிய ஃபெண்டருக்கு மட்டும் அடித்து நிறுத்த முடியாது. பக்கத்துக் கதவின் மேலும் பானட்டின் மேலும் மெல்ல மங்கும்படி இழுத்துவிட்டால்தான் வெயிலில் நிற வேறுபாடு தெரியாது. இரண்டாவது, உங்கள் கார் புதியது என்றால், பம்பருக்குப் பின்னாலோ முன் கிரில்லிலோ ரேடார் இருக்கலாம். முன்னால் போகும் வண்டியின் தொலைவை அளந்து தானாக பிரேக் போடும் அமைப்புக்கு அதுதான் கண். அந்த ரேடார் பக்கவாட்டில் 1 டிகிரி பிசகி அமர்ந்தால், 100 மீட்டர் தொலைவில் அது பார்க்கும் இடம் ஏறத்தாழ 1.75 மீட்டர் தள்ளிப் போகிறது. ஏறக்குறைய ஒரு காரின் அகலம். பக்கத்து வரிசையில் போகும் வண்டியைப் பார்த்து உங்கள் கார் பிரேக் போடலாம், உங்களுக்கு நேர் முன்னால் நிற்பதைக் காணாமலும் விடலாம். பம்பரை மாற்றியபின் அதை மறுபடி அளந்து நேர்செய்ய வேண்டும். செய்ததற்கான அச்சிட்ட அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வாடகைக் காரின் மேல் உள்ள வெறுப்பில் "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வண்டியைக் கொடுங்கள்" என்று எடுத்துக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் மறுபடி வந்தார்கள், மறுபடியும் வாடகைக் கார் எடுத்தார்கள், இம்முறை தங்கள் செலவில்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மோதிய வண்டி பாதுகாப்பாக ஓடும் நிலையில் இருந்தால், அதாவது விளக்குகள் எரிந்து, எதுவும் ஒழுகாமல், சக்கரத்தில் எதுவும் உரசாமல், ஏர்பேக் விரியாமல் இருந்தால், சர்வே முடித்து, பாகங்கள் எல்லாம் பட்டறைக்கு வந்து சேரும்வரை அதையே ஓட்டிவிட்டுப் பிறகு விடலாமா என்று கேளுங்கள். சொந்தப் பாலிசியில் வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு, மொத்தம் இத்தனை நாள் என்று வரம்பு இருப்பது வழக்கம். வண்டியை முதல் நாளே உள்ளே தள்ளிவிட்டால் அந்த நாள்கள் ஒரு ஹெட்லைட்டுக்காகக் காத்திருப்பதிலேயே கரைந்துவிடும்.

மூன்றாவது கியர்:

மூவருக்கும் நன்றி. நேற்றுக் காலை, வண்டியை எடுப்பதற்கு முன்பே டயர்களை அளந்தேன். ஸ்டிக்கரில் 33 பி.எஸ்.ஐ. என்று இருந்தது, முன் இடது டயரில் 22தான் இருந்தது. நான்கையும் சரிசெய்த பிறகு ஸ்டீயரிங் நேராக நிற்கிறது. இத்தனை நாள் நான் வண்டியின் வடிவமைப்பையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த டயர் தானாக இறங்குகிறதா என்பதை இன்று மாலையும் அளந்து பார்க்கப் போகிறேன்.

குறியீட்டைத் தேடினேன். மூன்றாவது எழுத்து 'ஏ' என்றே இருக்கிறது. கையில் இருப்பதோ மேனுவல். அதையும் அம்மாவின் முழங்காலையும் சேர்த்து எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். பட்டறையில் கேட்டதில், குறுக்குச்சட்டத்துக்கான ஒப்புதல் 5 நாளாக நிலுவையில் இருக்கிறதாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் அப்படிக் கேட்கவில்லை. ரேடார் உண்டு என்பதும் இப்போதுதான் தெரிந்தது.

ஒரு சிறு சந்தேகம் மட்டும் மிச்சம்: வண்டியை மாற்றித் தந்தால், இந்தக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்?

கண்ணாடிவழி:

பகல் வெளிச்சத்தில், அவர்களுடைய ஊழியர் பக்கத்தில் நிற்கும்போது திருப்பிக் கொடுங்கள். சுற்றிலும், கூரையும் சக்கர விளிம்புகளும் விடுபடாமல், வீடியோ எடுங்கள். எரிபொருள் முள்ளும் ஓடிய கிலோமீட்டரும் தெரியும்படி டாஷ்போர்டையும் ஒரு படம் எடுங்கள். கண்ணாடி, டயர், அடிப்பகுதி ஆகியவற்றுக்கு நேரும் சேதத்தை வாடகை நிறுவனத்தின் சேதப் பாதுகாப்புத் திட்டங்கள் பலவும் ஏற்பதில்லை என்பதால் அவற்றைத் தனியாகப் படமெடுப்பது நல்லது. புதிய வண்டியை வாங்கும்போதும் இதையே செய்யுங்கள், நாற்றத்தை மட்டும் மூக்கால் சோதித்துவிட்டு, அங்கேயே சொல்லிவிடுங்கள்.

ப்ளூடூத்தில் உங்கள் தொலைபேசியை இணைத்திருந்தால் அந்தப் பதிவை நீக்க மறந்துவிடாதீர்கள். சென்ற மாதம் எனக்கு வந்த வண்டியில் முன்பு ஓட்டியவரின் தொடர்புப் பட்டியல் முழுவதும் திரையில் இருந்தது. 'அம்மா வீடு' என்ற எண்ணுக்கு நான் தவறுதலாக அழைத்தும்விட்டேன்.