தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் போடாத டிரைவர்

கொல்லிமலைக்காரன்:

நாமக்கல்லில் எங்களுக்கு இரண்டு லாரி. ஒன்று பிஎஸ்-6 (புகையைக் கட்டுப்படுத்தும் புது விதிப்படி செய்த) வண்டி, 2021ல் எடுத்தது. போன தை மாதம் பெங்களூரிலிருந்து லோடோடு திரும்பும்போது டிரைவர் அண்ணன்கூட நானும் கேபினில் வந்தேன். தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கம். முன்னால் போன இரண்டு லாரியும் இன்ஜின் சத்தம் ஏறாமல் உருண்டுகொண்டிருந்தன, பார்த்தாலே தெரிந்தது நியூட்ரல் என்று. டீசல் மிச்சமாகும் என்று அப்பா காலத்திலிருந்து வரும் பழக்கம் அது. அண்ணன் மட்டும் கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் (இன்ஜின் புகை வெளியேறுவதை அடைத்து வேகத்தைக் குறைப்பது) போட்டு மெதுவாக இறக்கினார்.

"ஏண்ணே, டீசல் வீணாப் போகாதா?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. இந்த வண்டியில கியர்ல இருக்கும்போது ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா இன்ஜெக்டர் டீசலே விடாது, சக்கரந்தான் இன்ஜினைச் சுத்தும். நியூட்ரல் போட்டாத்தான் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும்."

அப்புறம் பட்டறையில் விசாரித்தேன், அவர் சொன்னது சரிதான். நியூட்ரலில் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, பாரம் முழுக்க பிரேக் மேல்தான். அது சூடேறிப் பிடிக்காமல் போய் அந்தக் கணவாயில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது! இல்லாத மிச்சத்துக்காக உயிரைக் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அண்ணன் ஓட்டினால் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் மைலேஜ் வருகிறது, அதே வண்டியை வேறு ஆள் ஓட்டினால் 3.6. மாதம் 8000 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டேன், 220 லிட்டர் வித்தியாசம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அப்படியென்றால் மாதம் அரை டன்னுக்கு மேல். புது வண்டி வாங்காமல், டிரைவர் கால் வைக்கும் பக்குவத்தில் மட்டும் இவ்வளவு. அவருக்கு மிச்சமாகும் டீசலில் பங்கு தருகிறேன், எல்லா ஓனரும் தரவேண்டும்.

ஆத்தூர் டிரைவர்:

அண்ணா, நீங்க சொன்னது நூறு சதம் சரி. பொய்யான மிச்சத்துக்கு இன்னொன்றும் இருக்கிறது. போன வருடம் டெஃப் (புகையைச் சுத்தப்படுத்த தனி டேங்கில் ஊற்றும் யூரியாக் கரைசல்) சென்சார் கோளாறு, வண்டி இழுவையே இல்லை. ரோட்டோரப் பட்டறையில் ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றைக் காட்டி, "இதை மாட்டிட்டா டெஃப்பே ஊத்த வேண்டாம், வண்டி நல்லா இழுக்கும்" என்றார். அந்தக் கரைசல் புகையில் கலந்தால்தான் அதிலுள்ள நச்சு வாயுவான நைட்ரஜன் ஆக்சைடு, நைட்ரஜனும் நீராவியுமாக மாறும். பெட்டியை மாட்டினால் அத்தனையும் அப்படியே ஊருக்குள் போகும், என் பையனுக்கு வேறு வீசிங் இருக்கிறது. முடியாது என்று சொல்லி ஓனருக்குப் போன் போட்டேன். நல்லவேளை அவரும் ஒத்துக்கொண்டார். சென்சார் வர இரண்டு நாள், அதுவரை வண்டியிலேயே படுத்திருந்தேன்.

சரி அண்ணா, பெங்களூரிலிருந்து ரிட்டர்ன் லோடு எந்த ஆபீசில் பிடிக்கிறீங்க? நாங்கள் ஓசூரிலிருந்து வாரம் ஒரு தடவையாவது காலியாகத்தான் வருகிறோம், அந்த டீசல் மொத்தமும் சும்மா எரிகிறது.