புருவ நடுவைப் பார்ப்பது கண்ணைப் பார்ப்பதா?

கார்முகில்:
"கண்ணைப் பார்த்துப் பேசுகிறவருக்கு ஆட்டிசம் இருக்கவே முடியாது" என்று நேற்று வெண்பறவை அடித்துச் சொன்னதிலிருந்து மனசு ஆறவில்லை. எனக்கு ஆட்டிசம் என்று உறுதியானது 34 வயதில். அதுவரை எல்லாரும் நான் கண்ணைப் பார்ப்பதாகத்தான் நினைத்தார்கள். நான் பார்த்தது இரண்டு புருவத்துக்கும் நடுவே.

வெண்பறவை:
புருவமோ கண்ணோ, நடுவில் ஒரு விரல்கடை இருக்குமா? பார்க்க முடிகிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

கார்முகில்:
அந்த விரல்கடையில்தான் எல்லாமே இருக்கிறது. கண்ணையே பார்த்தால் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழும், மண்டையில் ஏறாது. ஒரு நேர்காணலில் கண்ணைத்தான் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு போனேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி விலக்குவது, திரும்பப் பார்ப்பது, மறுபடி எண்ணுவது, இப்படியே போய் கடைசியில் அவர் கேட்ட கேள்வியில் "ஏன்" என்ற ஒரு சொல் மட்டும்தான் எனக்குக் கிடைத்தது. வேலையும் போச்சு.

செங்காந்தள்:
வெண்பறவை, மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, 2013இல் வந்தது, கண்ணைப் பார்ப்பதில் உள்ள சிக்கலை ஆட்டிசத்தின் அறிகுறிகளுக்கு ஒரு எடுத்துக்காட்டாகத்தான் சொல்கிறது. அதை மட்டும் வைத்து ஆட்டிசம் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. 2017இல் மூளை ஆய்வாளர் ஹஜிகானியின் குழு ஆட்டிசம் உள்ளவர்களைக் கண் பகுதியையே பார்க்க வைத்தபோது, மூளையின் ஆழத்தில் உணர்ச்சியைக் கையாளும் பகுதிகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டன. அது அலட்சியம் இல்லை, தாங்க முடியாமை.

வெண்பறவை:
ஆரம்பித்துவிட்டார் பாடம் நடத்த. அன்றைக்குத் தூக்க மாத்திரை பேச்சிலும் இதே கதைதான்.

செங்காந்தள்:
அன்றைக்கு "படித்த திமிர்" என்றீர்களே, நான் மறக்கவில்லை. இன்றுவரை ஒரு மன்னிப்பு கிடையாது.

வெண்பறவை:
திமிரைத் திமிர் என்றுதான் சொல்வேன்.

தேனருவி:
உங்கள் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். என் பையனுக்கு "என்னைப் பார்" என்று சொல்லிச் சொல்லித்தான் பழக்கினார்கள், பார்த்தால் கையில் பொம்மை. ஆறு மாதத்தில் பார்க்க ஆரம்பித்தான். பழக்கினால் வரும் என்று சொல்வது எப்படித் தப்பாகும்?

கார்முகில்:
அக்கா, அவன் பார்ப்பது கண்ணையா, புருவத்தையா? கேட்டுப் பார்த்தீர்களா? எனக்கும் சின்ன வயதில் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பித்தான் பழக்கினார்கள். நான் கற்றுக்கொண்டது பார்க்க இல்லை, பிடிபடாமல் இருக்க. சாயந்திரமானால் கண்ணைச் சுற்றி வலிக்கும், யார் கூப்பிட்டாலும் பேச வராது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டால் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வேன்.

தேனருவி:
என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

கார்முகில்:
அவனைத் தெரியாது அக்கா. அந்த வயதில் இருந்த என்னைத் தெரியும்.

வெண்பறவை:
இவ்வளவு பேசியும் என் கேள்வி அப்படியே கிடக்கிறது. புருவத்தைப் பார்க்கிறவருக்குக் கண்ணைப் பார்க்க என்ன தடை? ஒரு விரல்கடைதானே.

கார்முகில்:
மேலே போய் மறுபடி படியுங்கள். "ஏன்" மட்டும்தான் கேட்டது என்று எழுதியிருக்கிறேன்.