மறுமொழி: எபிக்ளெரோஸ் – ‘வாரிசுப் பெண்’ வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு,

பண்டைய கிரேக்கச் சட்டச் சொல்லான எபிக்ளெரோஸுக்கு நம் சொற்பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்பது பற்றி நீங்கள் எழுதியிருந்தது:

> எபிக்ளெரோஸ் = வாரிசுப் பெண். எளிமையாக இருக்கிறது, முடித்துவிடலாமா?

எளிமைதான். ஆனால் ஏதென்ஸில் அவள் வாரிசே இல்லையே! மகன் இல்லாமல் ஒருவர் இறந்தால் அவருடைய மகள்தான் எபிக்ளெரோஸ். தந்தையின் நெருங்கிய ஆண் உறவினர், முதலில் அவருடைய சகோதரர், அர்க்கோன் என்ற நகர அதிகாரியின் முன் போய் அவளை மணக்க உரிமை கோரலாம். சொத்து அவள் கைக்கு வராது. அவளுக்குப் பிறக்கும் மகன்கள் வளர்ந்ததும் அவர்களுக்குப் போகும். ஏற்கனவே மணமான பெண்கள்கூட இப்படிக் கணவனைப் பிரிய நேர்ந்தது என்று கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வழக்குரைகள் எழுதிய ஐசேயுஸ் சொல்கிறார். சேர்ந்து வாழ்ந்த கணவனை விட்டுச் சித்தப்பாவின் வீட்டுக்குப் போகவேண்டியவளை நாம் ‘வாரிசு’ என்று எழுதினால் அவளுக்கு நடந்ததே மறைந்துபோகும்.

ரோமில் கதை வேறு. தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகனைப் போலவே மகளுக்கும் சமபங்கு. சில சொத்துகளை விற்கக் காப்பாளரின் ஒப்புதல் தேவைப்பட்டது, உண்மைதான். ஆனாலும் சொத்து அவளுடையது. ‘வாரிசு’ என்ற சொல்லை இவளுக்கு வைத்துக்கொள்வோம்.

கிரேத்தா தீவின் கோர்டின் நகரச் சட்டக் கல்வெட்டு (கி.மு. 5-ஆம் நூற்றாண்டு) இன்னொரு சிக்கல். மகன் இல்லாதவரின் மகளுக்கு அங்கே பாத்ரோயோகோஸ் என்று பெயர். உரிமை கோரும் உறவினரை அவள் மறுக்கலாம். நகரத்து வீட்டையும் மீதிச் சொத்தில் பாதியையும் வைத்துக்கொண்டு, தன் குலக்குழுவிலேயே வேறொருவரை மணக்கலாம். எனவே இவளுக்குத் தனிச்சொல் வேண்டும். ‘தந்தைச்சொத்து மகள்’ எனக்குச் சரியாகப் படுகிறது.

இப்போது எபிக்ளெரோஸ். ‘க்ளெரோஸ்’ என்றால் பங்கு, விட்டுச்சென்ற சொத்து. ‘எபி’ இங்கே அதோடு சேர்ந்து போவதைக் குறிக்கிறது. முதலில் ‘தாயவழி மகள்’ என்று நினைத்தேன். ‘தாயம்’ என்றால் பரம்பரைச் சொத்து, தாயாதி என்ற சொல்லோடு அழகாகச் சேரும். ஆனால் படிப்பவர்கள் ‘தாய்வழி’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், பொருளே தலைகீழாகிவிடும். ‘காணிமகள்’ நிலத்தோடு நின்றுவிடுகிறது. அதனால் ‘சொத்துவழி மகள்’. சொத்து போகிற வழியில் அவளும் போகிறாள்.

மனுஸ்மிருதியின் ‘புத்திரிகை’யை (மகனின் இடத்தில் நியமிக்கப்படும் மகள்) எடுத்தாளலாம் என்று எழுதியிருந்தீர்கள். மகளின் மகன் தாத்தாவின் குடும்பத்தைத் தொடர்வது இரண்டிலும் உண்டு. ஆனால் புத்திரிகையைத் தந்தை உயிரோடு இருக்கும்போதே அப்படி நியமிக்கிறார். ஏதென்ஸில் யாரும் நியமிக்கவேண்டியதில்லை, தந்தையின் இறப்பே போதும். அடிக்குறிப்பில் ஒப்பிட்டுக் காட்டலாம், தலைச்சொல்லாக வேண்டாம்.

மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் எபிக்ளெரோஸ் – சொத்துவழி மகள் (ஏதென்ஸ்) என்று ஊர்ப் பெயரோடு சேர்த்துவிடுங்கள்.