மருந்து அடித்த அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் புத்தி தடுமாறியது ஏன்?

பருத்திக்காட்டான்:

வணக்கம். எங்கள் ஊர் பெரம்பலூர் பக்கம். மூன்று வாரத்துக்கு முன் அப்பா (58 வயது) பருத்திக்குக் குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்து அடிக்கப் போனார். 16 லிட்டர் டேங்க், மூடியில் வாஷர் போய் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. எதிர்க்காற்று வேறு. முதுகு முழுக்க நனைந்தும் சட்டையைக் கழற்றவில்லை. சாயங்காலம் திண்ணையில் வந்து உட்கார்ந்தவருக்குக் குளித்த மாதிரி வேர்வை, வாயில் எச்சில் ஒழுகல், வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் ஒன்றாக வந்துவிட்டது. முதலில் காட்டிய கிளினிக்கில் வெயில் தாக்கம் என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் வீண். அரசு மருத்துவமனையில் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்ததுமே டாக்டர், "என்ன மருந்து அடிச்சார்?" என்றுதான் கேட்டார். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்ததாம்.

அட்ரோபின் ஊசி போட்டார்கள். ஒன்றிரண்டு இல்லை, எண்ண முடியாத அளவுக்கு. வேர்வையும் எச்சிலும் நின்றன. ஆனால் மறுநாள் அப்பா அப்பாவாகவே இல்லை. செத்துப்போன பெரியப்பாவைக் கூப்பிட்டார். காற்றில் நூல் பிரிப்பது போல விரலை ஆட்டிக்கொண்டே இருந்தார். உடம்பு அனலாய்க் கொதித்தது, நாக்கு காய்ந்து கிடந்தது. கட்டிலை விட்டு எழுந்து ஓடப் பார்த்ததால் கையைக் கட்ட வேண்டியதாயிற்று. எங்கள் அப்பாயி பார்த்துவிட்டு, "ஊமத்தங்காய் தின்னவன் மாதிரி பேசுறானே" என்று அழுதது. மருந்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள், அப்புறம் தெளிந்தார். இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார். அந்த ஊசியால் மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்பதுதான் என் கேள்வி. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பழைய வார்டு சிஸ்டர்:

தம்பி, நான் 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் விஷ வார்டு. முதலில் உங்கள் அப்பாயிக்கு ஒரு கும்பிடு. அவர் சொன்னது வெறும் உவமை இல்லை. ஊமத்தையில் இருப்பதும் அட்ரோபின் இனத்துச் சரக்குதான். ஊமத்தை தின்று வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இதே காய்ந்த நாக்கு, இதே விரல் ஆட்டம்.

நாம் சொல்லாமலே உடம்பில் நடக்கிற வேலைகளை, அதாவது இதயத்துடிப்பு, எச்சில், குடல் அசைவு, கண்மணி சுருங்குவது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது தானியங்கு நரம்பு மண்டலம். அதில் பரிவு நரம்பு, எதிர்ப்பரிவு நரம்பு என்று இரண்டு அணி. எதிர்ப்பரிவு நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சுரந்துதான் உறுப்புக்குச் சேதி போகிறது. போன கையோடு அதை உடைத்துப் போடக் கோலினெஸ்டரேஸ் என்று ஒரு நொதி உண்டு. பூச்சிமருந்து போய்ப் பிடிப்பது அந்த நொதியைத்தான். உடைக்க ஆள் இல்லாமல் அசிட்டைல்கோலின் தேங்குகிறது, எல்லா ஓட்டையும் ஒழுகுகிறது. எச்சில் ஒழுகி யாரும் சாவதில்லை. நுரையீரலுக்குள்ளும் அதே மாதிரி நீர் ஊறுகிறதே, அதுதான் ஆளை முடிக்கும்.

அட்ரோபின் விஷத்தை வெளியேற்றாது, நொதியையும் மீட்காது. அசிட்டைல்கோலின் உட்கார வேண்டிய இடத்தில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அதனால் எவ்வளவு போடுவது என்பதை உடம்புதான் சொல்ல வேண்டும். ஒரு ஆம்பூல் 0.6 மில்லிகிராம். ஆபரேஷனுக்கு முன் கொடுப்பதென்றால் ஒன்று போதும். விஷ வார்டில் எடுத்த எடுப்பிலேயே மூன்றிலிருந்து ஐந்து. ஐந்து நிமிஷம் பார்த்து, சளிச்சத்தம் குறையவில்லை என்றால் இரட்டிப்பு. மறுபடியும் இரட்டிப்பு. ஒருத்தி ஆம்பூல் உடைப்பாள், ஒருத்தி ஏற்றுவாள். கண்ணாடி கீறாத விரல் எங்கள் வார்டில் கிடையாது.

நெஞ்சில் இரைச்சல் இல்லை, நாடி 80-க்கு மேல், மேல் ரத்த அழுத்தமும் 80-க்கு மேல், அக்குள் காய்ந்திருக்கிறது, கண்மணி ஊசிமுனையாக இல்லை. இவ்வளவும் வந்தால் போதிய அளவு ஏறிவிட்டது. அதற்குப் பிறகு, மொத்தம் செலவான அளவில் 10 முதல் 20 சதவீதத்தை மணிக்கு மணி சொட்டாக விடுவோம். புதிதாக வருகிற பிள்ளைகள் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அக்குளில் விரலை விட்டுப் பார்ப்பேன், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைப்பேன். அந்த இரண்டும் என்னை ஏமாற்றியதில்லை.

அளவு மிஞ்சினால் வேர்வையில்லாத காய்ச்சல், குடல் சத்தம் ஓய்வது, மூத்திரம் அடைப்பது, பேச்சு தடம் மாறுவது. எல்லாம் அந்த ஊசியால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். விஷமே புத்தியைக் குழப்பும், ஆக்சிஜன் குறைந்தாலும் குழப்பும், குடிக்கிறவர் திடீரென்று குடிக்காமல் படுத்தாலும் பெரியப்பா வருவார். ஆனால் காய்ந்த நாக்கு, அனல் உடம்பு, நிறுத்தியதும் தெளிவு என்று மூன்றும் சேர்ந்திருப்பதால் அட்ரோபின்தான் என்று நினைக்கிறேன். மருந்து உடம்பை விட்டுப் போனால் அதுவும் போய்விடும். மூளையில் தங்காது. இழுபறியில் கொஞ்சம் மிஞ்சிப் போடுவதைக் குறை சொல்லாதீர்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் நீங்கள் வேறு கேள்வி கேட்டிருப்பீர்கள்.

மருந்தியல் வாத்தியார்:

சிஸ்டர் சொன்னபின் எனக்கு அதிகம் மிச்சமில்லை. ஒரு வேடிக்கை மட்டும். வேர்வைச் சுரப்பிக்குப் போவது பரிவு நரம்பு. ஆனாலும் அதன் நுனியில் சுரப்பது எதிர் அணியின் அசிட்டைல்கோலின். அதனால்தான் இந்த விஷத்தில் வேர்வை கொட்டுகிறது, அட்ரோபின் போட்டால் நிற்கிறது. தேர்வில் இதைக் கேட்டால் பாதி வகுப்பு விழும். நரம்பு ரசாயனத்தால் பேசுகிறது என்பதே 1921-இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டிய பிறகு தெரிந்ததுதான். 1936-இல் ஹென்றி டேலோடு சேர்த்து நோபல் கொடுத்தார்கள்.

அப்பாவுக்குத் தசை துடித்ததா? அட்ரோபின் அங்கே எட்டாது. தசையில் அசிட்டைல்கோலின் உட்காரும் இடம் வேறு வகை. நொதியை விஷத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப் பாம் ஊசி, அதாவது பிராலிடாக்சைம், போடுவார்கள். அதனால் எவ்வளவு பலன் என்பதில் டாக்டர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை.

பருத்திக்காட்டான்:

நன்றி சிஸ்டர், நன்றி சார். ஆமாம், தொடையில் புழு நெளிவது போலத் துடித்தது. இன்னொன்று. தெளிந்த பிறகும் தினமும் ஒரு சிஸ்டர் வந்து, "தலையணையை விட்டுத் தலையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். எதற்கென்று கேட்கப் பயமாக இருந்தது. இப்போது பருத்தி இரண்டாம் எடுப்பு வருகிறது. அடுத்த மருந்தை நானே அடிக்கிறேன் என்று அப்பா நிற்கிறார்.

பழைய வார்டு சிஸ்டர்:

அந்தப் பெண் விஷயம் தெரிந்தவள். விஷம் ஏறி ஒன்றிலிருந்து நாலு நாளைக்குள், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது, கழுத்துத் தசை தளரும். அடுத்து மூச்சுத் தசை. 1987-இல் இலங்கை டாக்டர்கள் சேனாநாயக்கவும் கரல்லியத்தவும்தான் இதைத் தனியாக அடையாளம் கண்டு எழுதினார்கள். தலையைத் தூக்க முடியாதவரை உடனே வென்டிலேட்டர் பக்கம் கொண்டு போவோம். உங்கள் அப்பா தூக்கியிருக்கிறார், தாண்டிவிட்டார்.

மருந்து அடிப்பது மட்டும் கூடவே கூடாது. ரத்தச் சிவப்பணுவில் இருக்கிற நொதி ஒரு நாளைக்கு ஒரு சதவீதம் அளவுக்குத்தான் திரும்ப ஊறும். மூன்று வாரத்தில் எவ்வளவு வந்திருக்கும், நீங்களே கணக்குப் போடுங்கள். மிச்சமிருப்பதை இன்னொரு டேங்க் தின்றுவிடும். இந்தச் சமயத்தில் ஏதாவது ஆபரேஷன் என்றால் மயக்க டாக்டரிடம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். அவர்கள் போடும் தசை தளர்த்தி மருந்து ஒன்று, உடைக்க நொதி இல்லாமல் உடம்பிலேயே நின்றுவிடும். கால் பாதத்தில் மதமதப்பு, நடையில் தளர்ச்சி வந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். சில பேருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து வரும்.

பருத்திக்காட்டான்:

படித்துக் காட்டினேன். டேங்கை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார். வாஷரை மாற்றித்தான் கொடுத்தேன். ஊசிதான் காரணம் என்பதை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டு நாளும் ஆள் முகமே மங்கலாகத்தான் தெரிந்ததாம். பெரியப்பா மட்டும் தெளிவாகத் தெரிந்தார் என்கிறார்.