அரசியல் கார்ட்டூன் பற்றி எழுதியவர்கள், வரைந்தவர்கள், திட்டு வாங்கியவர்கள் வாங்க

எங்கள் துறை மாணவர் இதழில் இந்த முறை அரசியல் கார்ட்டூன்தான் பொருள், புண்படுத்துகிறதா இல்லையா என்று. என் பங்குக்கு வந்தது 2012-ல் நாடாளுமன்றம் வரை போன அம்பேத்கர் கார்ட்டூன். வரைவைக் கொடுத்தேன். கருத்துச் சுதந்திரம், சகிப்பின்மை, பாரதி 'இந்தியா' பத்திரிகையில் கேலிச்சித்திரம் போட்டது என்று எல்லாம் இருந்தது. படித்துவிட்டுப் பேராசிரியை கேட்டார்: "இதுல படம் எங்கப்பா?"

நியாயமான கேள்வி. நான் தேடிப் படித்த கட்டுரைகளில்கூட பலவற்றில் படம் இல்லை, கோபம் மட்டும்தான் இருந்தது. சரி என்று உட்கார்ந்து, கண்ணில் படுவதை மட்டும் எழுதினேன். ஒரு நத்தை. அதன் மேல் 'அரசியலமைப்பு' என்று எழுதியிருக்கிறது. அம்பேத்கர் அதன் மேல் உட்கார்ந்து கடிவாளமும் சாட்டையுமாக ஓட்டுகிறார். பின்னால் நேரு நின்று சாட்டையை ஓங்குகிறார். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. 1949-ல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் வரைந்தது. நேருவின் சாட்டை நத்தை மேல் விழப்போகிறதா அம்பேத்கர் மேல் விழப்போகிறதா? எத்தனை முறை பார்த்தாலும் இரண்டு மாதிரியும் தெரிகிறது, சண்டையே அந்த இடைவெளியில்தான் நடந்திருக்கிறது.

அந்தப் படத்தை மத்தியப் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி தன் பதினொன்றாம் வகுப்பு அரசியல் புத்தகத்தில் சேர்த்திருந்தது. அரசியலமைப்பை எழுத ஏன் இவ்வளவு காலம் ஆனது என்று யோசிக்கச் சொல்லி மாணவர்களுக்கு ஒரு கேள்வியும் கீழே உண்டு. 2012 மே மாதம் திருமாவளவன் உள்ளிட்ட உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் இதை எழுப்பியதும், அமைச்சர் கபில் சிபல் படத்தை நீக்குவதாக அறிவித்தார், புத்தகத்தின் ஆலோசகர்களாக இருந்த யோகேந்திர யாதவும் சுகாஸ் பால்ஷிகரும் விலகினார்கள், புனேயில் பால்ஷிகரின் அலுவலகத்தில் புகுந்து அடித்து நொறுக்கினார்கள்.

வரைந்த காலத்தில் யாரும் கோபப்படவில்லையே, இப்போது என்ன என்று வாதிட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள், எங்கள் ஆசிரியர் குழுவிலும் இருக்கிறார்கள். அதற்கு எங்கள் குழுவில் இருக்கும் ஒரு தோழி சொன்ன பதிலை என்னால் தாண்ட முடியவில்லை. அவள் அந்தப் புத்தகத்தில் படித்தவள். "அந்தப் பக்கம் வந்தப்ப பின்பெஞ்சில சிரிச்சாங்க. நத்தையைப் பார்த்துச் சிரிக்கல."

அப்புறம் எனக்குக் கிடைத்த இன்னொரு விஷயம். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அதன் உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி (டி.டி.கே.) பேசியது. வரைவுக் குழுவில் ஏழு பேர், ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில், ஒருவருக்கு வேறு அரசு வேலை, ஒன்றிரண்டு பேர் டெல்லிக்கு வெகுதூரத்தில், கடைசியில் முழுப் பாரமும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று சொல்கிறார். அதைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் எனக்கு வருவது புண்பட்ட உணர்வு இல்லை, எரிச்சல். பாரம் சுமந்தவரையே தாமதத்தின் மேல் உட்கார வைத்திருக்கிறார் சங்கர். அது அநியாயமான படம். ஆனால் நீக்கியதில் அந்த நல்ல கேள்வியும் சேர்ந்து போனது. பக்கத்திலேயே டி.டி.கே. உரையைப் போட்டிருந்தால் வகுப்பில் வேறு மாதிரி பேச்சு நடந்திருக்கும் என்பது என் கட்சி.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

நெல்லையிலிருந்து:

தம்பி, படத்தை முதலில் எழுது என்று சொன்னவருக்கு ஒரு கும்பிடு. 2017-ல் நான் இதழியல் மாணவன். அக்டோபர் 23, திங்கள்கிழமை, மனு கொடுக்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே, புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் குழந்தைகள், கலெக்டர் ஆபீஸ் வாசலில் தீக்குளித்தது. அதற்கு முன்னால் பலமுறை மனு கொடுத்திருந்தார்கள். அதைப் பற்றி கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் போட்டார். தரையில் எரியும் குழந்தை, சுற்றி முதலமைச்சர், கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூவரும் ஆடையில்லாமல் ரூபாய் நோட்டால் மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நவம்பர் 5-ம் தேதி சென்னையில் கைது செய்து இங்கே கொண்டுவந்தார்கள், மறுநாள் ஜாமீன்.

வகுப்பில் அன்று நடந்த விவாதம் முழுக்க அம்மணத்தைப் பற்றித்தான். வரையலாமா, ஆபாசமா, அதிகாரிக்கு மானம் உண்டா. ஒருத்தர்கூட அந்த மனுக்கள் என்ன ஆயின என்று கேட்கவில்லை. நான் எழுதிய கட்டுரையில் முதல் பத்தியை மனுக்களுக்குக் கொடுத்தேன், கைது நாலாவது பத்திக்குப் போனது. இன்றைக்கும் செய்தி எழுதும்போது அந்தப் பழக்கம் விடவில்லை.

ஆனால் ஒன்று எனக்கு இன்னமும் உறுத்தும். புண்பட்டது கலெக்டரா முதல்வரா என்று ஊரே பேசியது. அந்தக் குழந்தையின் தாத்தா பாட்டி யாராவது அந்தப் படத்தைப் பார்த்திருந்தால்? அவர்களை யாரும் கேட்கவில்லை. படம் அவர்கள் பக்கம் நின்ற படம்தான், எனக்குச் சந்தேகமில்லை, இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

ஸ்ரீரங்கத்திலிருந்து:

உங்களுக்கெல்லாம் முன்னாடி 87 இருக்கிறது. ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்க, ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில். கட்சி கிடையாது, பெயர் கிடையாது. பெயரே இல்லாத படத்தில் ஒவ்வொருவரும் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்! சபாநாயகர் பி.எச். பாண்டியன், ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதம் கடுங்காவல். எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் வெளியே விட்டார்கள். பிறகு உயர் நீதிமன்றத்தில் அவருக்கு ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு கிடைத்தது, அதை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொண்டார்.

அந்த வாரம் எங்கள் கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையிலும் ஒரு படம் இருந்தது, விடுதிச் சாம்பாரைப் பற்றி. அரசியலே இல்லை. கல்லூரி முதல்வர் பயந்துபோய் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார். கிழித்த பக்கம்தான் விடுதி முழுக்கச் சுற்றியது, அது வேறு கதை.

பெயர் வேண்டாம்:

எல்லோரும் கைதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் எங்கள் கல்லூரி இதழுக்கு வரைந்துகொண்டிருந்தவள். ஆண் தலைவரை வரைந்தால் மூக்கையோ மீசையையோ கண்ணாடியையோ பெரிதாக்குவோம். பெண் தலைவர் என்றதும் பழைய இதழ்களைப் பார்த்துக் காப்பி அடிக்கச் சொல்வார்கள், அதில் பெரும்பாலும் உடம்புதான் பெரிதாக இருக்கும். அவர் எடுத்த முடிவை வரையலாமே என்றால், "அதுல சிரிப்பு வராதும்மா" என்பார் பொறுப்பாசிரியர். வந்தது. ஒரு கையெழுத்துக்காக வரிசையில் நிற்கும் மந்திரிகளை மட்டும் வரைந்தேன், மேஜை மேல் பேனா, அவர் படத்திலேயே இல்லை. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

பக்கத்தில் உரை போட்டால் சரியாகிவிடும் என்பதை நான் முழுசாக ஏற்கவில்லை. பின்பெஞ்சில் சிரிக்கிறவன் உரையைப் படிக்க மாட்டான்.

மீண்டும் நான்:

அக்கா சொன்னது குத்துகிறது, தோழியிடம் காட்டினேன், அவளும் அதையேதான் சொன்னாள். ஆனாலும் ஆசிரியர் வகுப்பில் உரையை முதலில் வாசித்துவிட்டுப் படத்தைத் திறந்தால் கொஞ்சம் மாறும் என்கிறாள். எங்கள் பக்கத்திலும் அந்த வரிசையைத்தான் பிடிக்கப்போகிறோம்: உரை மேலே, படம் கீழே.

ஸ்ரீரங்கத்து ஐயா, விகடன் கதை தொடர்கிறது. 2025 பிப்ரவரியில் டிரம்ப் பக்கத்தில் மோடி கைவிலங்கோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம், அமெரிக்கா இந்தியர்களை விலங்கு போட்டுத் திருப்பி அனுப்பியதைப் பற்றி. இணையதளமே முடங்கியது. மார்ச் 6-ல் உயர் நீதிமன்றம் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கச் சொன்னது. இதற்கும் ஒரு பெட்டிச் செய்தி ஒதுக்கியிருக்கிறேன்.

டி.டி.கே. உரைக்கு நல்ல தமிழாக்கம் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் நானே பெயர்க்க வேண்டும், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.