ஐப்பசி மழையில் குவியும் காய்களைக் குறைந்த செலவில் சேமிப்பது எப்படி?

கொல்லைக்காரி (திருவாரூர் மாவட்டம்):

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்புறம் உள்ள சுமார் நான்கு சென்ட் கொல்லையில் ஆடிப் பட்டத்தில் போட்ட வெண்டை, கொத்தவரை, மிளகாய், தக்காளி ஆகியவை புரட்டாசிக் கடைசியிலிருந்து ஒரே மூச்சில் காய்க்கின்றன. வேலியோரச் சுண்டையும் கிணற்றடி நார்த்தையும் அதே சமயத்தில்தான் காய்த்துக் கொட்டுகின்றன. அக்கம்பக்கத்தில் கொடுத்தது போக மிஞ்சும் இரண்டு மூன்று கிலோவைச் சந்தைக்குக் கொண்டுபோய் உட்கார்ந்தால், அந்த நேரத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. வற்றல் போடலாம் என்றால் அடைமழை; இரண்டாம் நாளே பூசணம் பிடிக்கிறது. ஒரே சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடும் வீடு, இருப்பதோ சிறிய ஃபிரிட்ஜ். இந்நிலையில் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து மின்சார உலர்த்தி வாங்குவது தகுமா? வெளிநாட்டுக் காணொளிகளில் பீன்ஸைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, கொதிநீரில் வைத்து எடுத்து, ஓராண்டு வரை அலமாரியில் வைத்துக்கொள்கிறார்களே, அதை நம் அடுப்படியில் செய்ய முடியுமா?

முறமும் வெயிலும்:

உலர்த்தி வேண்டாம் என்பதே என் கருத்து. மின்கட்டணத்தை மட்டும் மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை. வெண்டைக்காயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர்தான். ஒரு கிலோ நீரை ஆவியாக்க, கொஞ்சமும் வீணாகாமல் இருந்தால்கூட 0.6 யூனிட்டுக்கு மேல் செலவாகும், வீட்டுக் கருவிகளில் இது இரட்டிப்புக்கும் மேலே போகும். வீடுகளுக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை மின்சாரம் இலவசம் என்பதால் அதைக்கூடத் தாங்கிவிடலாம். ஆனால் ஆண்டில் ஆறேழு வாரம் ஓடிவிட்டுப் பரணில் உட்காரப்போகும் கருவிக்குக் கொடுக்கும் முதல், வற்றலாகத் திரும்பி வர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெயில் இல்லாத மாதத்தில் வெயில் செய்யும் வேலையை உப்பிடமும் புளிப்பிடமும் ஒப்படைத்துவிட வேண்டும். நார்த்தங்காயைத் துண்டு விழாமல் சுருள் சுருளாக நறுக்கி, மடிப்புகளுக்குள் கல்லுப்பை அடைத்து, ஈரமில்லாத பீங்கான் ஜாடியில் அடுக்கி, வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டிவிடுங்கள். கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் உப்பு வேண்டும். உடம்புக்கு நல்லது என்று இதில் கை இறுக்கினால் காய் கெட்டுவிடும். நாள்தோறும் ஒருமுறை குலுக்கிவிட்டால், தோல் மஞ்சளாக மாறி, காய் தன் சாற்றிலேயே மூழ்கிக் கிடக்கும். அந்தச் சாற்றுக்குள் இருக்கும்வரை மழை எத்தனை நாள் பெய்தாலும் கவலையில்லை. மேலே மிதப்பவைதான் பூசணம் பிடிக்கும் என்பதால் கனமான தட்டு ஒன்றை உள்ளே வைத்து அழுத்திவிட வேண்டும். மார்கழிக் கடைசியிலோ தையிலோ வானம் வெளுத்த பிறகு பகலில் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே சாற்றில் போட்டு, சாறு முழுதும் வற்றும்வரை செய்தால், பழையதாக ஆக ஆகச் சுவை கூடும் உப்பு நார்த்தங்காய் கிடைக்கும். பச்சை மிளகாயைக் கீறி, எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் போட்டுவைத்தால் அதுவும் இப்படியே காத்திருக்கும்.

சுண்டைக்காய் அப்படியில்லை. மோரில் நெடுநாள் ஊறினால் குழைந்து நாற்றமெடுக்கும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் வரும் என்று வானிலை அறிவிப்பு சொல்லும்போது மட்டும் பறியுங்கள். அதுவரை செடியிலேயே இருக்கட்டும், முற்றாத காயாகப் பார்த்துப் பறித்தால் போதும். இலேசாகத் தட்டி, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு ஊறவைத்து, பகலில் காயவைக்க வேண்டும். முறத்தில் புடைக்கும்போது கூழாங்கல் போலச் சலசலவென்று ஒலித்தால்தான் காய்ந்ததாகப் பொருள். கொட்டையைச் சுற்றி ஈரம் நின்றால் டப்பாவுக்குள் பூசணம் வந்துவிடும்.

வடவெல்லை வாசி (திருத்தணி):

தக்காளியைத் தொக்காகக் கிளறச் சொல்லிப் பலர் வருவார்கள். சிலிண்டர் விலையில் அது வேண்டாத செலவு. எங்கள் பக்கத்தில் ஆந்திர வழக்கப்படி, நன்கு பழுத்த தக்காளியைக் கழுவித் துடைத்து நான்காக வகுந்து, கிலோவுக்கு 100 கிராம் உப்பும் சிறிது மஞ்சள்தூளும் போட்டு ஜாடியில் மூன்று நாள் ஊறவைப்போம். பிறகு துண்டுகளைப் பிழிந்து வெயிலில் போட்டுவிட்டு, வடிந்த சாற்றில் 100 கிராம் புளியை ஊறவிடுவோம். துண்டுகள் சுருங்கியதும் புளியோடு சேர்த்து அரைத்து, மிளகாய்த்தூளும் வெந்தயப்பொடியும் கலந்து, நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. அடுப்பு எரிவது தாளிப்புக்கு மட்டும்தான். உங்கள் பகுதியில் வெயில் இல்லாவிட்டால், பிழிந்த துண்டுகளை மின்விசிறிக் காற்றில் ஓரிரவு வைத்து அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். சில வாரங்களுக்கு மேல் தாங்காது, ஆனால் அதற்குள் தீர்ந்துவிடும்.

ஆய்வகக்காரர்:

பாட்டிலில் அடைப்பது பற்றி யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். தயவுசெய்து பீன்ஸ், கொத்தவரை, வெண்டை போன்ற புளிப்பில்லாத காய்களைக் கொதிநீர் முறையில் அடைக்காதீர்கள். மண்ணில் இயல்பாகவே இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் 100 டிகிரி செல்சியஸில் சாவதில்லை. காற்றுப் புகாத பாட்டிலில், பிஎச் அளவு 4.6க்கு மேல் (அதாவது புளிப்புக் குறைவாக) இருந்தால், அவை முளைத்து உயிருக்கே ஆபத்தான நச்சை உண்டாக்கக்கூடும். அதை நிறமோ மணமோ காட்டிக்கொடுக்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் இதற்கென்றே தனி அழுத்தக் கலனும் சோதித்து வகுத்த கால அட்டவணையும் வைத்துக்கொண்டு ஏறத்தாழ 116 முதல் 121 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். காணொளியில் கொதிநீரில் பீன்ஸ் அடைத்திருந்தால், அவர்கள் நாட்டு வழிகாட்டுதலுக்கே அது புறம்பானது. நம் வீட்டுக் குக்கர் அதற்கு ஈடாகாது: சூடேறும் நேரமும் ஆறும் நேரமும் வேறு. தக்காளிகூட எல்லைக்கோட்டில் நிற்பதுதான். அவர்கள் லிட்டர் பாட்டிலுக்கு அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் சேர்த்தே அடைக்கிறார்கள். இன்னொன்று, பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் மூழ்கவைத்து வெளியில் வைப்பதும் இதே ஆபத்துதான். புளியோ எலுமிச்சையோ உப்போ தாராளமாகச் சேர்ந்த ஊறுகாய்க்கு அந்த அச்சம் இல்லை.

கொல்லைக்காரி:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. உலர்த்தி எண்ணத்தைக் கைவிட்டு, இரண்டு பெரிய ஜாடிகள் வாங்கப்போகிறேன். வெண்டைக்கும் கொத்தவரைக்கும் மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.

முறமும் வெயிலும்:

சகோதரி, அவை இரண்டையும் ஆடியில் வீட்டுத் தேவைக்கு மட்டும் நாலைந்து செடி போடுங்கள். வற்றலுக்கென்று தையில் விதைத்தால் காய்ப்பு மாசிக் கடைசியிலிருந்து பங்குனி முழுதும் வரும், அப்போது மொட்டை மாடியே உலர்த்திதான். கொத்தவரையை உப்பு நீரில் அரை வேக்காடு வேகவைத்து வடித்துக் காயவைக்க வேண்டும், வெண்டையை வில்லைகளாக நறுக்கி உப்பு மோரில் புரட்டினால் போதும். மாலையில் பனி இறங்குவதற்கு முன் முறத்தை உள்ளே எடுத்துவிடுங்கள். இப்போது செடியில் இருப்பவற்றில் நல்ல காய்ப்புள்ள இரண்டு வெண்டைச் செடிகளைப் பறிக்காமல் முற்றவிட்டு, நெற்றை மழையில் நனையாமல் எடுத்து வைத்தால், தைக்கு விதை வாங்கும் செலவும் இருக்காது.