விளக்கு 5,400 ரூபா, வரி 5,635 ரூபா: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

கொக்குவிலிலிருந்து:

அம்மாவுக்கு 78 வயது. காலையில் பேப்பர் வாசிக்காமல் தேத்தண்ணீர் குடிக்கமாட்டார். கண்புரை சத்திரசிகிச்சைக்குப் பிறகும் சின்ன எழுத்து தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உருப்பெருக்கிக் கண்ணாடி பூட்டிய மேசை விளக்கு ஒன்று இருக்கிறது, எழுத்தைப் பெருப்பித்துக் காட்டும், வெளிச்சமும் தரும். யாழ்ப்பாணப் பட்டணத்தில் நாலைந்து கடைகளில் கேட்டேன், கிடைக்கவில்லை. 2024இல் வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் 18 டொலருக்கு இருந்தது. அனுப்பும் செலவு 14 டொலர். சரி, அம்மாவுக்குத்தானே என்று காசைக் கட்டினேன்.

மூன்று கிழமை கழித்துத் தபாலகத்திலிருந்து துண்டு வந்தது. போனால் வரி 5,635 ரூபா. விளக்கின் விலையே ஒரு டொலர் 300 ரூபா என்ற கணக்கில் 5,400தான். பிழையாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கே இருந்த தம்பி பொறுமையாக, "அக்கா, கணக்கு இந்தத் தாளில் இருக்கு, வீட்டில் வைத்துப் பாருங்கோ" என்றார். அன்றிரவு அம்மா படுத்தபிறகு கல்குலேற்றரோடு இருந்தேன்.

கணக்கில் பிழையில்லை. என் மனதுக்குப் பாரமாக இருந்தது அதுதான்.

வரி விளக்கின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. விலையும் அனுப்பும் செலவும் சேர்ந்த 9,600 ரூபாவுக்குப் போடப்படுகிறது. இந்த விளக்குக்கு இறக்குமதித் தீர்வை 20 வீதம், 1,920 ரூபா. துறைமுக, விமான நிலைய வரி 10 வீதம், 960 ரூபா. அடுத்தது வற் என்கிற பெறுமதி சேர் வரி. அதற்கு முன் 9,600ஐ இன்னும் 10 வீதம் கூட்டி 10,560 ஆக்குகிறார்கள். அதன்மேல் முதலில் போட்ட இரண்டு வரிகளையும் சேர்த்தால் 13,440. வரிக்கும் வரி. அந்தத் தொகைக்கு 18 வீதம், 2,419 ரூபா. 2024 ஜனவரியில் 15இலிருந்து 18 ஆன வற் இதுதான். கடைசியாகச் சமூகப் பாதுகாப்பு வரி, அதே 13,440க்கு இரண்டரை வீதம், 336 ரூபா.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தது வேறொன்றை. விளக்கை விட்டுவிட்டு 14 டொலர் அனுப்பும் செலவை மட்டும் எடுத்துக் கணக்குப் பார்த்தேன். அதற்கு மட்டும் 2,465 ரூபா வரி. ஒரு லட்சம் ரூபாச் சாமான் எடுப்பவருக்கு அனுப்பும் செலவு அதில் ஒரு சின்னப் பங்கு. என்னைப்போல் ஒற்றை விளக்கு எடுப்பவருக்கு அது விலைக்குக் கிட்ட நிற்கிறது. வீதம் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் சின்னச் சாமான் வாங்குபவர்தான் விலையோடு ஒப்பிடும்போது கூடக் கட்டுகிறார்.

வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆசுப்பத்திரியும் பள்ளிக்கூடமும் வரியில்தான் நடக்கின்றன. காசு கட்டும் நேரத்திலேயே முழுத் தொகையும் தெரியவேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரை இருந்த வற் விலக்கை 2021 யூலையில் எடுத்துவிட்டார்கள். ஆனால் 150 யூரோ வரையான சாமானுக்கு விற்கும் தளமே விலையோடு வற்றை அறவிட வழி செய்தார்கள். பாரிஸில் இருக்கும் என் தங்கச்சிக்கு வாங்கமுன்னமே மொத்தம் தெரிகிறது. எனக்குத் துண்டு வந்தபிறகுதான் தெரிந்தது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். தொகையோடு எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்.

பருத்தித்துறையிலிருந்து:

அக்கா, எனக்கு நடந்தது மறுபக்கம். கனடாவில் இருக்கும் அண்ணாவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. கைத்தறிச் சேலை, இரண்டு சட்டை, ஒடியல், பனங்கட்டி, எங்கள் ஊர்த் தட்டை வடை எல்லாம் போட்டு அனுப்பினேன். பெறுமதி 120 டொலர் என்று உள்ளபடி எழுதினேன். அங்கே அண்ணிதான் வரி கட்டி எடுத்தா. அன்பளிப்பு வாங்கியவ காசு கட்டவேண்டி வந்ததை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். அன்பளிப்பாக வருவதற்குக் கனடாவில் 60 கனேடிய டொலர் வரை வரியில்லை, அதற்கு மேற்பட்ட பங்குக்குத்தான் வரி. இங்கிலாந்தில் அன்பளிப்புக்கு 39 பவுண் வரை வற் இல்லை. பெறுமதியைக் குறைத்து எழுது என்று ஒருவர் சொன்னார். நான் எழுதமாட்டேன். பொய் என்பது ஒருபுறம், பார்சல் தொலைந்தால் எழுதின பெறுமதிக்கு மேல் நட்டஈடும் கேட்கமுடியாது.

அளவெட்டியிலிருந்து:

அப்பா நாதஸ்வரம் வாசிப்பவர். அதில் வாய் வைத்து ஊதும் சீவாளி தமிழ்நாட்டுத் திருவாவடுதுறையிலிருந்து வரவேண்டும். தீப்பெட்டிக்குள் அடங்கும் சாமான், கூரியரில் எடுத்தால் அனுப்பும் செலவே விலையைத் தாண்டும். நீங்கள் சொன்னதுபோல் அந்தச் செலவுக்கும் வரி. அதனால் ஆள் வரும்வரை பார்த்திருக்கிறோம். 2022 டிசம்பரில் பலாலிக்குச் சென்னை விமானம் திரும்ப ஓடத் தொடங்கியது, பிறகு காங்கேசன்துறைக்கு நாகபட்டினம் கப்பலும் வந்தது. சொந்தக்காரர் யாராவது வந்தால் கைப்பையில் கொண்டுவருவார்கள். போன திருவிழாக் காலத்தில் ஒருவரும் வரவில்லை. அப்பா பழைய சீவாளியோடேயே பத்து நாளும் வாசித்தார்.

கஸ்தூரியார் வீதியிலிருந்து:

தங்கச்சி, நான் கடை வைத்திருப்பவன். உங்கள் கணக்கு சரி. என் பக்கத்தையும் கேளுங்கள். நான் விற்கும் விளக்குகளுக்கும் இதே வரிகள் கட்டப்பட்டுத்தான் கொழும்பு மொத்தக் கடைக்கு வருகின்றன. அங்கிருந்து ஏ9 வழியாக லொறிக் கூலி. கடை வாடகை, கரண்ட் பில், இரண்டு பொடியளின் சம்பளம். பார்சலில் வருவதற்கு வரி இல்லை என்று ஆனால் நான் அடுத்த மாதமே பூட்டவேண்டியதுதான். அமெரிக்காவில் 800 டொலர் வரை வரியில்லாமல் விட்டிருந்ததை 2025 ஓகஸ்ட் 29இல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியபோது, அங்குள்ள கடைக்காரருக்கு இனியாவது மூச்சு வரும் என்றுதான் நான் நினைத்தேன்.

ஆனால் ஒன்று உண்மை. கொள்கலனில் வரும்போது ஒரு விளக்குக்குக் கப்பல் கூலி சில நூறு ரூபாதான் விழும். 300 ரூபா என்று வைத்தால், உங்கள் விலைக்கே வரி 3,350க்குள் முடிந்துவிடும். ஒற்றையாக எடுத்தால் 5,635. அந்த வித்தியாசம் எனக்கும் இலாபமில்லை, உங்களுக்கும் இல்லை. கண்ணாடி பூட்டிய விளக்கை யாரும் கேட்டதில்லை என்பதால்தான் நான் எடுப்பித்து வைக்கவில்லை. நாலுபேர் கேட்டால் எடுக்கலாம்.

கொக்குவிலிலிருந்து:

அண்ணை, நன்றி. அம்மாவின் விளக்கைப் படமெடுத்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமை கடைக்குக் கொண்டுவருகிறேன். சித்திக்கும் ஒன்று வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இன்னும் மூன்று வீட்டில் கேட்டார்கள். அதோடு நாலாகிறது.